அரை வட்டம்

பொங்கல் கழிந்து கொள்ளிடக்கரைத் தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். தெரு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. மார்கழி முழுக்க வீடு வீடாகப் போய்ச் சுவரில் நாங்கள் போட்டுவைத்த காவி வட்டங்களைக் காணவில்லை.

"பண்டிகைக்கு வெள்ளையடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, ரத்தினவேல் சார்?" என்றார் நர்ஸ் லூர்துராணி.

"எங்க வீட்டுக்கு நான்தாங்க அடிச்சேன்." அப்போதும் தோன்றவில்லை. என் மூளையின் வேகம் அப்படி.

அறுபத்து மூன்றாம் வருஷம். பெரியம்மையை ஒழிக்க ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டு அணி அமைத்திருந்தார்கள். அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து நகராட்சியுடையது, அதைக் குத்துகிறவனாகிய நான் அதற்கு இலவச இணைப்பு. மிஷன் ஆஸ்பத்திரி லூர்துராணியைக் கொடுத்தது. முதலில் அவரவருக்குத் தனித்தனி இலக்கு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால், முந்தின நாளே அவர் குத்திவிட்டுப் போயிருப்பார். ஒரு வாத்தியார் சட்டைக் கையைச் சுருட்டி, "இது மாதா கோயில் குத்தினது. கவர்மெண்டுக்கு முதுகைத் தரட்டுமா?" என்றார். அதன் பிறகுதான் ஊசியை எண்ணுவதை விட்டு வீட்டை எண்ணுவதென்று லூர்துராணி யோசனை சொன்னார். வீட்டில் ஒருவர் பாக்கியிருந்தாலும் அரை வட்டம். எல்லோரும் போட்டுக்கொண்டால் முழு வட்டம். யார் குத்தினாலும் பேர் இருவருக்கும். இனிமேல் சுவரே நமக்கு நோட்டு என்று கூட்டத்தில் நான்தான் பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். சுண்ணாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சரி, முதல் வீட்டிலேருந்து மறுபடி கேட்டுக்கிட்டே போவோம்" என்று லூர்துராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

தெருக்கோடியில் ஒரே ஒரு சுவர் அழுக்காக இருந்தது. அதில் எங்கள் அரை வட்டம் பத்திரமாக இருந்தது.

"பாத்தீங்களா, ஒண்ணு தப்பிச்சிருக்கு" என்றேன் சந்தோஷமாக.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டைத்தான் பண்டிகையிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். அந்த வீட்டில் பாக்கி யாரென்று எனக்கு நினைவிருந்தது: வெளியூரில் வேலை பார்க்கும் புருஷன், பிறந்து சில வாரமே ஆன குழந்தை. 'பொங்கல் கழியட்டும் சார்' என்றிருந்தாள் குழந்தையின் தாய் மட்டுவார்குழலி.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து மட்டுவார்குழலி எட்டிப்பார்த்தாள்.

"வெள்ளையடிக்கலாம்னு எங்க வீட்டுக்காரரு போகிக்கு வந்தாருங்க, காய்ச்சலோட. பொங்கலன்னிக்கு முத்து போட்டுடுச்சு. ஆத்தா வந்திருக்கா. இப்ப ஊசியைக் காட்டினா கோவிச்சுக்குவா. தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகு வாங்க."

"அதுக்குள்ள பிள்ளைக்கும் ஒட்டிக்கும்மா. இப்பவே போட்டா தப்பிக்க வழியிருக்கு" என்றார் லூர்துராணி.

"நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

"எங்க அக்கா இதுலதான் போச்சு. எங்கம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு, சமயபுரத்துக்கும் காசு முடிஞ்சு வச்சாங்க."

கதவு சாத்திக்கொண்டது. நான் நகராட்சி ஆபீசருக்குச் சொல்லியனுப்பினால் அவர் போலீசோடு வருவார். இந்த வீட்டு வேலை முடியும். அடுத்த முறை தெருவே தாழ்ப்பாள் போடும். லூர்துராணி செருப்பைக் கழற்றி, வாசலில் இருந்த மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு வெயிலில் நின்றார்.

"நாங்க உள்ள வரமாட்டோம். போகவும் மாட்டோம்" என்றார் கதவைப் பார்த்து.

என்னையும் சேர்த்துச் சொல்கிறார் என்பது புரிந்ததும் நானும் செருப்பைக் கழற்றினேன். கூட்டு முயற்சி என்றால் இதுதான் போலிருக்கிறது. கால் சுட்டது. பிளாஸ்கில் அம்மைப்பாலைச் சுற்றியிருந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கதவு மறுபடி திறந்தது. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. மட்டுவார்குழலி அதை இறுகப் பிடித்திருந்தாள். லூர்துராணி பிடித்துக்கொள்ள, நான் குத்தினேன். குழந்தை வீறிட்டது.

பழக்கதோஷத்தில் காவிக்கட்டியை எடுத்தேன். லூர்துராணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குத்தினா ஆச்சா? கொப்புளம் எழும்பட்டும். அடுத்த வாரம் பாத்துட்டு வட்டத்தை மூடுவோம்."

"ஆபீசர் இந்த வாரமே முடிக்கணும்னாரே?"

"அவரையும் வந்து நிக்கச் சொல்லுங்க."

காவிக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன். உள்ளே அழுகை மெல்ல அடங்கியது. வெள்ளைத் தெருவில் அந்த ஒரு அழுக்குச் சுவரும், மூடாத வட்டமும். பக்கத்தில் கதவு இன்னும் சாத்தப்படாமல் இருந்தது.