எட்டாள் நடவு

கதிரவன் எழுவதற்கும், வேலைமுறை மாற்றும் சங்கு ஊதுவதற்கும், இரவெல்லாம் மண் அகழ்ந்தோர் கண்சிவந்து இல்லம் திரும்புவதற்கும் ஒரே பொழுதாய் அமைந்த நெய்வேலி நகரம், வட்டம் வட்டமாய் வகுக்கப்பெற்று, மரங்கள் இருமருங்கும் கவிந்த நேரிய தெருக்களோடும், வெண்புகை விரிக்கும் அனல்நிலையக் கோபுரங்களோடும் தைப்பனியில் நனைந்து கிடந்தது. நகரின் எல்லையைக் கடந்தாலோ, கழனிகளாய் இருந்த நிலம் படிப்படியாய் இறங்கி நிலக்கரிச் சுரங்கத்தின் பெரும்பள்ளமாய் வாய் திறந்திருக்கும். அதன் விளிம்பில் சிற்றூர்கள் சில எஞ்சியிருக்கும்.

அன்று பிற்பகல் நகரத்து மன்றமொன்றில் கூடவிருந்தோர், பொருளியல், குமுகாய, பண்பாட்டு உரிமைகளுக்காக ஒன்பது பல்கலைக்கழகத்தார் அமைத்த கூட்டமைப்பினர். நிலம் பறிபோன ஊர்களில் வீடுவீடாய்க் கேட்டுத் தொகுத்த அறிக்கையை அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதிலுள்ள பெயர்களுக்கு மாற்றுவாழ்வு வேண்டும் கோரிக்கை அரசுக்குச் செல்லும். அதில் இல்லாதவர்க்குக் கோரிக்கையும் இல்லை. வினாத்தாளை வகுத்தவள் செவ்வந்தி. விளிம்பூர் ஒன்றின் கூலிக்குடியிற் பிறந்து, கல்லூரியில் நிலையற்ற பணியிலிருந்த அவளுக்கு, அறிக்கை நிறைவேறினால் ஆய்வாளர் பதவி உறுதியென்று பேச்சு. கற்றறிந்தீர், அறிஞர் ஒன்பதின்மர் கூடினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பூசல் எழும். ஆயினும் அத்தாளின் முதல் வினாவை மட்டும் எவரும் ஐயுறவில்லை. 'நிலம் உண்டா? இல்லையெனில் நன்றி கூறி முடிக்க' என்பதே அது.

காலையில் தாள்களை இறுதியாய் அடுக்கிய செவ்வந்தி, 'முடிந்தவை' என்று தனியே கட்டியிருந்த பெருங்கட்டை அவிழ்த்தாள். மூன்றாம் தாளில் ஊர்ப்பெயரும், சாமியம்மாள் என்னும் பெயரும், 'இல்லை' என்ற ஒரு சொல்லும் இருந்தன. எஞ்சிய நான்கு பக்கமும் வெறுமை. சாமியம்மாள் அவளைப் பெற்றவள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அக்கட்டை எடுத்துக்கொண்டு அவள் ஊர்ப் பேருந்தில் ஏறினாள்.

நடவுக் கூட்டத்தின் தலைவியாய் நாற்பதாண்டு சேற்றில் நின்ற சாமியம்மாள், வேலையற்ற பெண்டிரோடு புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள்.

"நெலம் இருக்குதான்னு கணக்கெடுக்க வந்த பொண்ணு கேட்டுச்சி. இல்லம்மான்னேன். கைகூப்பிட்டு போயிகினே இருந்துச்சி. நீ எழுதுன கேள்வின்னு சொன்னாங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

செவ்வந்தி புளிக்குவியலருகே தாயின் எதிரில் அமர்ந்தாள். பின், எந்தெந்தக் கழனியை நட்டீர்கள் என்று கேட்டாள். ஒரு பகலில் நட்டு முடிக்க எத்தனை பேர் வேண்டுமோ அதனையே கழனிக்கு அளவாய்ச் சொல்வது அப்பெண்டிர் வழக்கம்.

"பனமரத்துக் கயனி எட்டாளு. மதகடி பன்னெண்டாளு" என்று தாய் தொடங்க, ஏனையோர் ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துச் சொல்லிக்கொண்டே போயினர். சொல்லப்பட்ட கழனிகள் யாவும் பள்ளத்துள் போயிருந்தன.

பிற்பகல் மன்றத்தில் செவ்வந்தி எழுந்து, அறிக்கையை இன்று ஏற்கலாகாது என்றாள். தலைமை தாங்கிய பேராசிரியர் அறிவுச்செல்வன் தீயவர் அல்லர். ஓராண்டு உழைப்பு வீணாவதைப் பொறாதவர். "எல்லாரும் ஒப்பிய வினா இது. பிழையென்றால் எல்லா ஊரையும் மீளக் கேட்க வேண்டும். உம்முடைய பதவியும் தள்ளிப்போகும். அறிவீரா?"

"அறிவேன் ஐயா. வினா என்னுடையது, பிழையும் என்னுடையது. இத்தாளுக்குரியவர் என் தாய். இவ்வறிக்கையின்படி அவர் எதையும் இழக்கவில்லை."

தாள் கைமாறிக் கைமாறி மன்றத்தைச் சுற்றிவந்தது. வெறும்பக்கங்களை ஒவ்வொருவரும் புரட்டிப் பார்த்தனர். ஏற்பு தள்ளிவைக்கப்பட்டது, ஆய்வாளர் பதவி பற்றிப் பின்னர் எவரும் பேசவில்லை. அது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறர்க்காக உரிமை கேட்கப் புகுவோர், யாரை வாயிலிலேயே நிறுத்திவிட்டோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. மாசித் திங்களில், 'எந்த நிலத்தில் உழைத்தீர்?' என்று தொடங்கும் புதிய தாளோடு செவ்வந்தியே தாயின் எதிரே அமர்ந்தாள். நான்கு பக்கமும் நிறைந்தன. கழனிகள் முடியவில்லை; இன்னொரு தாள் எடுக்க வேண்டியதாயிற்று.