நூறு என்று சொன்னவள்

"ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி?" என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு அவள் நூறு என்று சொன்னாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் கையில் இருந்த திரவத்துக்கெல்லாம் ஒரு லிட்டர் என்பது நூறு மில்லியாகவே இருந்தது. இருமல் மருந்து ஆலையில், சீசாக்களில் மருந்து ஊற்றும் அறையில், அவள் வேலைக்கு வந்த முதல் நாள் அது. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் என்று படித்தவள்தான். ஆனால் யாராவது கட்டைக் குரலில் முகத்துக்கு நேரே கேட்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அறையே சிரித்தது. மருந்து மட்டும் அதை நம்பிவிட்டது.

நூறு மில்லி என்று அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சீசா ஒன்றில் அவள் ஒரு லிட்டர் குடுவையைச் சாய்த்தாள். மருந்து போய்க்கொண்டே இருந்தது. குடுவை காலியானபோது சீசா கழுத்துவரை மட்டுமே நிறைந்திருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், தரை காய்ந்து கிடந்தது. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அடுத்த சீசாவை எடுத்தாள். சாயங்காலம்வரை வரவேண்டிய பீப்பாய் மதியத்துக்குள் அடிதட்டியதும் ஆட்கள் குழாய்களைத் தடவிப் பார்த்தார்கள், சாக்கடையை மோந்து பார்த்தார்கள். மூடி போடுபவள் ஒரு சீசாவைத் தூக்கப்போய், "அம்மாடி! இதுக்குள்ள என்ன இரும்பா ஊத்தி வச்சிருக்கே?" என்று அலறினாள். மேற்பார்வையாளர் அதை வாங்கி ஒரு பாத்திரத்தில் கவிழ்த்தார். பாத்திரம் நிரம்பி வழிந்தும் மருந்து நிற்கவில்லை. அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஒரு பெட்டி வெளியே போயிருந்தது. மருந்துக்கடைக்காரர் அதைக் கைதவறிப் போட்டதில் வாடிக்கையாளர்களின் செருப்புகள் தெருமுனைவரை மிதந்து போயின.

முதலாளி அவளை அன்றே அனுப்பச் சொன்னார். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த கணவனுக்கு அவள் சம்பளம்தான் கஞ்சி. மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "வாயால வந்தது, வாயாலயே போகட்டும் சார்" என்றார். அது முதல் தினமும் காலையில் கதவை அடைத்துக்கொண்டு நின்று அதே கேள்வியைக் கேட்பார். ஆயிரம் என்றால்தான் வழி விடுவார். தொடக்கத்தில் வாயில் ஆயிரமும் வயிற்றுக்குள் நூறுமாக இருந்ததால் சீசாக்கள் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தன. மழைக்காலம் முடிவதற்குள் அவையும் அடங்கி, லிட்டருக்குப் பத்து சீசா என்று நிறைந்தன. பெயர் மட்டும் அடங்கவில்லை. அறையில் எல்லோருக்கும் அவள் நூறு அக்காதான். "அக்கா, உங்க வீட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா குடமே காலியாயிடுமா?" என்பாள் மூடி போடுபவள். "எங்க வீட்ல எவன்டி மில்லி பார்த்துத் தண்ணி குடிக்கிறான்?" என்று அவளும் சிரிக்கப் பழகியிருந்தாள்.

மேற்பார்வையாளருக்கு ஒரே மகள். அவளுக்குக் குழந்தை பிறந்த அன்று மதியம் அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, ஊற்றும் அறைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "ரத்தம் நிக்கலையாம். ரெண்டு லிட்டராவது ஏத்தணுமாம். அவ ரத்த வகையில முந்நூத்தம்பது மில்லி பை ஒண்ணுதான் இருக்காம். உன் வாய்க்கணக்குல அது மூணரை லிட்டராச்சே. நீ வந்து அதைப் பிடிச்சுக்கம்மா" என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார், "ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி?" குரல் கம்மியிருந்தது. அவள் நாக்கு ஒட்டவில்லை. பழகிய வாய் பளிச்சென்று ஆயிரம் என்றது. கையில் இருந்த பை முந்நூற்றைம்பது மில்லியாகவே கிடந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நானே சொல்லிக் குடுத்துக் கெடுத்துட்டேனே!"

அப்போதுதான் அவள் கட்டிலைப் பார்த்தாள். தலையணை உறைக்கும் அந்தப் பெண்ணின் முகத்துக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. உதடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பார்த்தவளுக்குக் காது அடைத்து, படித்தது பழகியது எல்லாம் ஒரேயடியாக அற்றுப்போனது. ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிய்த்துக்கொண்டு, "நூறு" என்றாள்.

பை கனத்தது. அவள் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது, பை மட்டும் புடைத்தபடியே நின்றது. நர்ஸ் அதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடியும் பையைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கக்கா, கை வலிக்கும்" என்றாள். உதடு இருக்கும் இடம் முதலில் தெரிந்தது, பிறகு கன்னம். குழந்தை அழுததும் தாய் கண்ணைத் திறந்து, "யாருப்பா இவங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவள் ஆலைக்கு வந்தபோது மேற்பார்வையாளர் வழக்கம்போலக் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கேட்டால் எந்தப் பதில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அன்றைய கேள்வியைக் கேட்காமலே படியிறங்கிப் போனார்.