சமையலறை மேசையில் ஒரு பந்தயக் கார்

எங்கள் ஊரில் யாரிடமும் "ஒரு ஸ்டீயரிங் வாங்கப் போகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. இந்த மூர்ஸ்வில்லில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கார்ப் பந்தயக் குழுவின் பட்டறையில் வேலை செய்கிறார்கள். மீதிப் பேர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் பல் டாக்டர், நாம் வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது, டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று பேசுவார். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இந்த ஊரில் மெதுவாக வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தானோ என்று எனக்கே சந்தேகம்.

ஸ்டீயரிங் எனக்கு எதற்கு என்றால், என் மகள் கென்ட்ராவுக்காக. அவள் வேலை கிடைத்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் யூட்டாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் அப்பா ட்வைட் பட்டறையில் இரும்பு வெட்டி ஒட்டுகிறவன். அவனோடு என்றால் எஞ்சின் பற்றி மணிக்கணக்காகப் பேசுவாள். போன் என் கைக்கு வந்தால் சாப்பிட்டாயா, அங்கே பனி பெய்கிறதா, அவ்வளவுதான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாவது இருந்திருந்தால் பேச ஏதாவது இருந்திருக்கும். வாரா வாரம் போனைக் கீழே வைக்கும்போது எனக்கு அழுகை வரும். ட்வைட்டிடம் வெங்காயம் நறுக்கினேன் என்பேன்.

கென்ட்ரா ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டுவாள். வீட்டில் ஒரு ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் கம்ப்யூட்டரோடு மாட்டிவிட்டால் போதும், எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தடத்தில் ஓட்டலாம். அவள் சேர்ந்திருந்த குழுவில் ஒரு நீண்ட நேரப் பந்தயம் வருகிறது, ஒரு வண்டிக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அவளோடு ஓட்ட இருந்தவள் கழன்றுகொண்டாள்.

"இனிமே நீதாம்மா வந்து ஓட்டணும்" என்று சிரித்தாள்.

"சரி, வரேன்" என்றேன்.

"அம்மா, நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா சொல்லல."

"புதுசா வர்றவங்களுக்கு ஒரு டெஸ்ட் இருக்கும்மா. நடுவர் பாத்துட்டிருப்பாரு. பதினஞ்சு சுத்து, ரோட்ட விட்டு இறங்கக் கூடாது, வண்டி சுத்தக் கூடாது, அவங்க சொன்ன நேரத்துக்குள்ள முடிக்கணும். அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைதான் கடைசி. முடியலன்னா விட்டுடு. ட்ரெவர்னு ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான், அவனப் போட்டுக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

மனதில் வைத்துக்கொண்டேன். ட்ரெவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்திலேயே அவனைப் பிடிக்காமல் போய்விட்டது.

என்ன வாங்கலாம் என்று ட்வைட்டிடம் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. "வாங்கறதா? செய்யறதுக்கு நான் இருக்கும்போது ஏன் வாங்கணும்?" என்றான். மறுநாள் சாயங்காலம் கராஜுக்குள் காரை விட இடமில்லை. இரும்புக் குழாய்கள், வெல்டிங் புகை, ட்வைட்டின் அண்ணன் கர்ட்டிஸ், அவர்களோடு பட்டறையிலிருந்து வந்த இரண்டு பேர். நடுவில் ஒரு நிஜப் பந்தயக் கார் இருக்கை, தலைக்கு இரண்டு பக்கமும் காதுபோல் தடுப்பு வைத்தது.

"உக்காரு ரொண்டா, உனக்கு சீட்டு ஊத்திடலாம்" என்றான் கர்ட்டிஸ்.

சீட்டு ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு பெரிய குப்பைப் பையில் இரண்டு ரசாயனத்தைக் கலந்து ஊற்றி இருக்கையில் போடுவார்கள். ஓட்டுநர் அதன் மேல் உட்கார வேண்டும். அது நுரைத்துப் பொங்கி உடம்பைச் சுற்றிப் பிடித்து இறுகும்வரை மூச்சை மட்டும்தான் விடலாம். அப்புறம் அந்த இருக்கை அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். பெரிய பெரிய ஓட்டுநர்களுக்கு ஊற்றிய கைகள் எனக்கும் ஊற்றின. பெருமையாகத்தான் இருந்தது. நுரை சூடேறி முதுகெல்லாம் கொதித்தபோது கொஞ்சம் குறைந்தது. இறுகியதும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து என்னை உருவினார்கள்.

"கச்சிதமா இருக்குல்ல?" என்றான் ட்வைட்.

"கச்சிதமா இருக்கு. வீடு பத்திக்கிச்சுன்னா நீதான் வந்து பிடுங்கணும்."

வாழ்க்கையில் ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காதவளுக்கு முதலில் சீட்டு ஊற்றுவார்களா? எங்கள் ஊரில் ஊற்றுவார்கள். கர்ட்டிஸ் அவனுடைய ஸ்டீயரிங் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினான். நிஜக் கார் எவ்வளவு பலமாகக் கையை இழுக்குமோ அவ்வளவு இழுக்கும் என்றான். மூன்று பெரிய திரைகள் வந்தன. சொந்தக் கல்யாணத்துக்குக்கூட இவர்கள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

ஓட்டினேன். முதல் திருப்பத்தில் வண்டி சுழன்றது. அடுத்த சுற்றில் இரண்டாவது திருப்பத்தில் சுழன்றது. ஒவ்வொரு முறை சுழன்றதும் அவர்கள் கூடிப் பேசி எதையாவது முறுக்கினார்கள், இறுக்கினார்கள், புதிதாக ஒன்றை மாட்டினார்கள். மூன்று திரையிலும் ரோடு சுற்றிச் சுற்றி எனக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு நாள் சுவரில் மோதினேன். ஸ்டீயரிங் சடாரென்று திரும்பி என் கட்டைவிரலை மடக்கிவிட்டது. விரல் பிளம் பழம்போல் வீங்கியது.

"கைய எடுத்துரணும் ரொண்டா, மோதறதுக்கு முன்னாடி" என்றான் கர்ட்டிஸ். "நெஜ ஓட்டுநர்ங்க எல்லாம் எடுத்துருவாங்க."

"நான் நெஜ ஓட்டுநர் இல்ல கர்ட்டிஸ்! நாளைக்குக் காலைல இந்த விரல வச்சிட்டு நான் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போகணும். இது யாருக்குச் செஞ்ச வண்டி? எனக்கா, உங்களுக்கா?"

எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னேன். ட்வைட்டுக்குப் போக வேறு வீடு இல்லாததால் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அழவும் தோன்றியது, இரும்புக் குழாயை எட்டி உதைக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் கென்ட்ராவைக் கூப்பிட்டேன். அவளாகக் கூப்பிடாமல் நானாகக் கூப்பிட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"கென்ட்ரா, நீ எதுல ஓட்டற? காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுன்னா காட்டு."

தயங்கித் தயங்கிக் கேமராவைத் திருப்பினாள். ஒரு பழைய மேசை. அதன் விளிம்பில் சின்னதாக ஒரு ஸ்டீயரிங் கவ்விக்கொண்டிருந்தது. ஒரே ஒரு திரை, கிட்டத்தட்ட ஸ்டீயரிங்கை ஒட்டி. கீழே பெடல்கள். உட்காருவதற்கு ஆபீஸ் நாற்காலி. அதன் சக்கரங்கள் ஆளுக்கொரு காலணிக்குள் நின்றன. முன்னால் இரண்டு பெரிய பூட்ஸ், பின்னால் ஏதேதோ செருப்புகள்.

"பிரேக்க அமுக்குனா நாக்காலி பின்னாடி உருண்டு போயிடும். அதான்" என்றாள்.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ட்வைட், "அது என் பூட்ஸ்" என்றான்.

"ஆமாப்பா. வீட்ட விட்டு வரும்போது எடுத்துட்டு வந்துட்டேன்."

"உனக்கு எதுக்கு? உன் காலுக்கு ரெண்டு மடங்கு பெருசு."

"எதுக்கோ எடுத்தேன். விடேன்பா." அப்புறம், "அதவிட்டா வேற எதுலயும் நாக்காலி நிக்க மாட்டேங்குது" என்றாள்.

ட்வைட் எழுந்து போய் மூக்கைச் சிந்தினான். எனக்கு அவன் மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவள் எடுத்துக்கொண்டு போனது என் செருப்பை இல்லை.

சனிக்கிழமை தனியாகப் பக்கத்து ஊர் கான்கார்டுக்குப் போனேன். அங்கே இந்தக் கம்ப்யூட்டர் பந்தயச் சாமான்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. விற்கிற பெண், இருக்கையோடு ஆளையே ஆட்டுகிற மேடையிலிருந்து காட்ட ஆரம்பித்தாள். "வேண்டாம், எனக்கு ஏற்கெனவே தலை சுத்துது" என்றேன். பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படிக்காமல், ஒவ்வொன்றிலும் கையை வைத்தேன், காலை வைத்தேன். பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்கிற பிரேக் ஒன்று. எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்று பார்க்கிற பிரேக் இன்னொன்று. இரண்டாவதில் காலை வைத்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நின்றுகொண்டிருக்கிற ஒரு பொடியன் விழாமல் பேருந்தை நிறுத்தத் தெரிந்த கால் இது. அதற்குத் தூரம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அந்த வகைப் பெடலில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். ஸ்டீயரிங்கில் சின்னதை எடுத்தேன்.

"ஆறு மாசத்துல இது உங்களுக்குப் பத்தாமப் போயிடும் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப ஆறு மாசம் கழிச்சு வரேன். இப்ப இத எடுத்து வைம்மா."

சமையலறை மேசை கனமான மரம், நகராது. ஸ்டீயரிங்கை அதில் மாட்டினேன். சக்கரம் இல்லாத சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வரவேற்பறை டிவியைக் கொண்டுவந்து மூக்குக்கு முன்னால் வைத்தேன். ட்வைட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக்கை அமுக்கியதும் பெடல் வழுக்கிச் சுவர்ப் பக்கம் ஓடியது. அவன் ஒரு பலகையைக் கொண்டுவந்து, சுவருக்கும் பெடலுக்கும் நடுவில் அளவாக வெட்டி வைத்தான்.

"இது மட்டும் செஞ்சுக்கலாமா?" என்றான்.

"இது மட்டும்."

அன்றைக்கு நான் நாலு சுற்று சுழலாமல் ஓட்டினேன். ஐந்தாவதில் புல்லில் இறங்கினேன், இருந்தாலும் ஏன் இறங்கினேன் என்று எனக்கே தெரிந்தது. கராஜில் அந்த ஒரு வாரமும் எனக்குத் தெரியாமல் இருந்தது அதுதான். அதற்குப் பிறகு பேருந்தைக் கொண்டுபோய் விட்டதும் நேரே அடுப்படிக்குத்தான் வருவேன். ரொட்டி ஒரு பக்கம் வேகும், நான் ஒரு பக்கம் ஓட்டுவேன்.

கென்ட்ரா சொன்ன அந்த ஞாயிறு மத்தியானம் டெஸ்ட். நடுவர் கார்ட் என்பவர், கனடாவில் எங்கோ இருந்து பேசினார். "ரொண்டா, நீங்க ஓட்டறப்போ யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது. கென்ட்ரா லைன்ல இருக்கலாம், வாயத் திறக்கக் கூடாது. சரியா?"

"அவ எங்கிட்ட அப்படித்தாங்க இருப்பா" என்றேன். கென்ட்ரா இருமினாள்.

ஓட ஆரம்பித்தேன். வேகம் இல்லை, வழுவும் இல்லை. காதில் கென்ட்ராவின் மூச்சு மட்டும் கேட்டது. திருப்பம் வரும்போது அவள் மூச்சைப் பிடிப்பதும், நான் தாண்டியதும் விடுவதும்கூடக் கேட்டது. பன்னிரண்டு சுற்று அப்படியே போனது.

பதிமூன்றாவதில் எனக்கு முன்னால் அதே தடத்தில் டெஸ்ட் ஓட்டிக்கொண்டிருந்த இன்னொரு புது ஆள் சுழன்று ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டான். என் கால் பிரேக்கில் சீராக இறங்கியது. என் இடது கை, பள்ளிப் பேருந்தில் சிவப்பு விளக்கைப் போட்டுப் பின்னால் வருகிறவர்களை நிறுத்துகிற பட்டனைத் தேடியது. அடுப்படியில் அந்தப் பட்டன் ஏது? கை உப்பு ஜாடியைத் தட்டிவிட்டது. ஆனாலும் வண்டி நேராக நின்றது. அவன் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றேன். பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது நிற்பதுபோல நின்றேன்.

அதில் போன நேரம் போனதுதான். இப்படியே ஓட்டினால் சொன்ன நேரத்துக்குள் முடிக்க முடியாது என்று திரையின் ஓரத்தில் எண்கள் காட்டின. பயப்பட நேரம் இல்லை. அடுத்த திருப்பத்தில் எப்போதும் பிரேக் போடுகிற இடத்தைத் தாண்டி வண்டியை விட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்புறம் முழு பலத்தையும் போட்டு அமுக்கி, பாலைத் தளும்பாமல் இறக்கி வைப்பதுபோல் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வண்டி என் சொல் கேட்டுத் திரும்பியது. மிச்சம் இருந்த எல்லாத் திருப்பத்திலும் அதையே செய்தேன். எனக்கு இது வரும் என்று அப்போதுதான் முழுசாக நம்பினேன்.

கோட்டைத் தாண்டினேன். கார்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேறிட்டீங்க ரொண்டா. மயிரிழைலதான். நடு ரோட்டுல நின்னு வழி விட்டுட்டும் தேறின மொத ஆள் நீங்கதான்." அவர் இணைப்பிலிருந்து போய்விட்டார்.

ட்வைட் கைதட்டினான்.

"கென்ட்ரா? இருக்கியா?"

"அம்மா, வெள்ளிக்கிழமையே ட்ரெவர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். நீ கடைசி வரைக்கும் வருவேன்னு நான் நெனக்கலம்மா. எனக்காகன்னு இவ்வளவு... நான் நெனக்கவே இல்ல."

வலித்தது. சாய்ந்து கிடந்த உப்பு ஜாடியை நிமிர்த்தி வைத்தேன். திட்டலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் ஒன்றும் டெஸ்டில் தோற்றவள் இல்லை. இடம் என்னுடையது.

"சரி. இப்ப அவனுக்குப் போன் போடு."

"இப்பவா?"

"இப்பவே. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்."

அவள் ஹெட்செட்டை அணைக்காமலேயே கழற்றி மேசைமேல் வைத்தாள். தூரத்தில் அவள் குரல் கேட்டது.

"ட்ரெவர், மன்னிச்சுக்கப்பா. எனக்கு ஆள் இருக்கு." அவன் என்னவோ கேட்டான். "வேகமா? சேச்சே, ரொம்ப மெதுவு." இன்னும் என்னவோ கேட்டான். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஆனா வரேன்னு சொன்னா வந்துருவாங்க. எங்கம்மா."