செவ்வாய்க்குப் போன ஒற்றைச் செருப்பு

நான் விஞ்ஞானக் கதை எழுதுபவன். புதுக் கதையின் நாயகன் ஓர் இயந்திரப் பெட்டிக்குள் நுழைந்தால் போதும், ஒரே நொடியில் செவ்வாய்க் கிரகத்தில் இருப்பான். அதைப் படித்த என் மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

“நம்புற மாதிரி இல்லீங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஏன், ஆயிரம் வருஷம் கழிச்சு அப்படியொரு பெட்டி வராதா?”

“பெட்டி வரும். ‘கிளம்பறேன்’னு சொன்ன மனுஷன் உடனே கிளம்பிட்டானே, அதைத்தான் நம்ப முடியல.”

வாசலைப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்ட அவளுடைய அண்ணன், ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாத கதையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதையைத் திருத்தினேன். பெட்டிக்குள் ஒரு காலை வைத்த நாயகன், மோட்டார் ஞாபகம் வந்து, செருப்பை உள்ளேயே விட்டுவிட்டுப் பேச வெளியே வருகிறான். பெட்டியும் எவ்வளவு நேரந்தான் பொறுக்கும்? ஒற்றைச் செருப்போடு செவ்வாய்க்குப் போய்விடுகிறது.

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “எதிர்காலத்தை அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திட்டீங்க சார்! சரி, வெச்சுடறேன்.”

அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார். அவர் வீட்டு மோட்டாரும் ஓடவில்லையாம்.