நாற்பத்து மூன்றாவது பிழை

இண்டூர் பால் சொசைட்டிக் கரும்பலகையில் சனிக்கிழமைதோறும் சினிமா விமர்சனம் எழுதுகிற சந்திரமோகன் வேற்றுலகத்தைச் சேர்ந்தவர். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. 2006ஆம் வருடம் ஐப்பசி மாதம், காலை பத்தரை மணிக்கு, முனியப்பனின் தக்காளித் தோட்டத்தில் அவர் வந்து விழுந்ததைப் பறிப்புக்கு வந்திருந்த பதினான்கு பெண்கள் பார்த்தார்கள். லாரியிலிருந்து கோணிமூட்டையைத் தள்ளிவிட்ட மாதிரிதான் சத்தம் கேட்டது என்று இன்றும் சொல்வார்கள். நான்கு வரிசைச் செடி நாசம். பாலக்கோடு மார்க்கெட்டில் அந்த வாரம் தக்காளியைக் கேட்க ஆள் இல்லாததால் முனியப்பன் பெரிதாக வருத்தப்படவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். வந்தவர் மேலே கையைக் காட்டியதால் சந்திரமோகன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழ் கற்றுக்கொண்ட கையோடு, சந்திரனுக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, வரும் வழியில்கூட அது இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாராவது காது கொடுத்துக் கேட்டால்தானே. ஆதார் அட்டையிலும் அந்தப் பெயரே ஏறியது.

அவருக்குக் கைக்கு இரண்டு முழங்கை. செடியின் இந்தப் பக்கம் நின்றபடியே அந்தப் பக்கத்துக் காயையும் பறித்துவிடுவார். தண்ணீர் குடிக்க மாட்டார், வெயிலே போதும். செல்போனை அவர் தோளில் வைத்தால் சார்ஜ் ஏறும். மின்வெட்டு இருந்த வருடங்களில் தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் போனை அவர் மேல் அடுக்கிவிட்டுப் போவார்கள், அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். தமிழைச் சினிமா பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அதனால் சினிமாவின் மேல் அவருக்கு வாத்தியார் மேல் இருக்கிற மரியாதை உண்டு. வாத்தியாரே தப்புச் சொல்லிக் கொடுத்தால் வருகிற ஆத்திரமும் உண்டு. சொசைட்டிப் பலகையின் மேல்பாதியில் பால் விலை இருக்கும். கீழ்ப்பாதியில் பதினெட்டு வருடமாக அவர் விமர்சனம். கடைசி வார்த்தை ‘போகலாம்’ என்று இருந்தால் ஒன்றரை மணி டவுன் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. ‘வேண்டாம்’ என்று இருந்தால் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் தர்மபுரி போய் வருவார்கள். ஒரு நாளும் அவர் பொய் எழுதியதில்லை.

முனியப்பனின் மகள் சுகுணாவை அவர் கட்டிக்கொண்டது வந்த மூன்றாம் வருடம். அதற்கு முன் ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, பெண் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதும் எழுந்து போயிருந்தார்கள். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் இண்டூர்ப் பக்கத்தில் இருப்பதுதான், பல்லில் பழுப்புக் கோடுகள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அதை மறந்தே போனார்கள். சுகுணா மறக்கவில்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுத்தவன் ‘வாய மூடிக்கம்மா’ என்று சொன்ன நாளிலிருந்து, சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். களி கிண்டும்போது சிரிப்பு வந்தால்கூடத் துடுப்பை விட்டுவிட்டு வாயைப் பொத்துவாள். களி கட்டி தட்டிவிடும். தட்டில் கட்டி வந்தால் இன்றைக்கு இவள் எதற்கோ சிரித்திருக்கிறாள் என்று சந்திரமோகன் தெரிந்துகொள்வார், ஒதுக்கி வைக்காமல் தின்றுவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தக் கையை மெல்ல விலக்கப் பார்த்தார். இரண்டு நாள் அவள் பேசவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும், பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், பெண்டாட்டி சிரித்து ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது.

2025ஆம் வருடம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, ‘பக்கத்து வீட்டில் அவர்கள்’ என்ற படம் தர்மபுரிக்கு வந்தது. வேற்றுலகத்தார் மனிதர்களோடு கலந்து வாழ்கிற கதை. ஒருவழியாக நம்மைப் பற்றி ஒருவன் எடுத்துவிட்டான் என்று சந்திரமோகன் இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆட்டத்துக்குப் போனார். இடைவேளைக்குள் இருபத்தாறு பிழைகளை எண்ணிவிட்டார். வேற்றுலகத்தார் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் எதிரொலியோடு பேசுகிறார்கள். நீலக் கண்ணீர் விடுகிறார்கள். பச்சை மீனைத் தின்கிறார்கள். அத்தனை பேரும் சென்னையில்தான் வந்து இறங்குகிறார்கள், ஒருவனாவது தக்காளித் தோட்டத்தில் விழுந்தான் என்று இல்லை. அரசாங்கம் ஒரே நாளில் அவர்களைக் கண்டுபிடித்துவிடுகிறது. தன் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க நான்கு வருடம் நடந்தது அவருக்கு ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

இத்தனையையும் பொறுத்திருப்பார். நாற்பத்து மூன்றாவது பிழையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. படத்தில் வேற்றுலகத்தாரை அடையாளம் காண்பது பல்லை வைத்து. அவர்கள் உலகத்துத் தண்ணீர் இரும்புப் பாறையில் ஓடி வருவதால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்குமாம். கதாநாயகி படம் முழுக்கக் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே திரிந்துவிட்டு, கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் சூழ்ந்து நிற்கிற மைதானத்தில் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். துப்பாக்கிகள் கீழே விழுகின்றன. தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. சந்திரமோகன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். அது போர் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு என்கிற உப்பு, எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். வேற்றுலகத்திலிருந்து நேராக வந்த அவருடைய பல்லோ தேங்காய்ப்பூ மாதிரி இருக்கிறது. தண்ணீரே குடிக்காத ஆளுக்குக் கறை எங்கிருந்து வரும்.

வழக்கமாக ஊர் பலகைக்குக் காத்திருக்கும். இந்த முறை பாட்டு நன்றாக இருக்கிறது என்று காத்திருக்காமல் கிளம்பிப் போனதில்தான் வினை வந்தது. வெள்ளிக்கிழமை காலைக்குள் எல்லோரும் அவரைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. சொசைட்டிச் செக்ரட்டரி குமார் பாலை அளந்துகொண்டே, மனம் நோகக் கூடாது என்கிற குரலில் கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நெசமாலுமே மேல இருந்துதான் வந்தீங்களா?”

“நான் வுழுந்தத பதினாலு பேரு பாத்தாங்களே குமாரு.”

“வுழுந்தது சரிங்க. தென்னமரத்துல இருந்துகூட ஆளு வுழுவுது. பல்லு வெள்ளையா இருக்குதே.”

சந்திரமோகன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைகளைக் காட்டினார். குமார் தன் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். “அதத்தாங்க நானும் சொல்றேன். எங்களுக்கு ஒண்ணுதான இருக்குது” என்றார்.

ஊர் முடிவு கட்டிவிட்டது. பல்லில் கோடு இருக்கிற தாங்கள்தான் வேற்றுலகத்தார். கோடு இல்லாத சந்திரமோகன்தான் மனிதர். யாரும் பதறவில்லை. கீரை விற்கிற பெரியம்மாள் தனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தச் சந்தேகம் உண்டு என்றார். டிராக்டர் முருகேஷ், முன்னோர்கள் வத்தல்மலை உச்சியில்தான் இறங்கியிருக்க வேண்டும், அங்கேதான் வண்டி நிறுத்தத் தோதான இடம் இருக்கிறது என்றார். சர்ச்சுக்காரர்களும் அதே வண்டியில்தான் வந்தார்களா என்று தெரசா டீச்சர் சாமியாரைக் கேட்க, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பல்லிலும் கோடு. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அப்படியானால் அப்பனும் ஆத்தாவும் வேற்றுலகம், பிள்ளை மட்டும் மனிதனா என்று சந்திரமோகன் மடக்கினார். புள்ளைங்க பொறந்தது இங்கதானுங்களே என்றார் குமார். யாரிடம் போய் அழுவது. நிலம் மாமனாருடையது, பெயர் ஊர் வைத்தது, தமிழ் சினிமா கொடுத்தது. மேலிருந்து வந்தவர் என்பது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை பலகையில் உண்மையை எழுதினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி உட்கார்ந்தார். பிழைகளே பதினோரு பக்கம் வந்தன.

அன்று மதிய ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டுச் சசிகலாவோடு சுகுணா போயிருந்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து களிக்கு உலை வைத்தாள். சந்திரமோகன் அடுப்படி வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார், தோளில் சசிகலாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு வங்கி மேனேஜர் எல்லோர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்து மயங்கி விழுவான். சந்திரமோகன் கணக்கில் அதுவும் நாற்பத்து மூன்றாவது பிழையிலேயே அடக்கம். சுகுணா அதைச் சொல்லிக்கொண்டே களியைக் கிண்டினாள், சொல்லிக்கொண்டே சிரித்தாள். இரண்டு கையும் துடுப்பிலேயே இருந்தன. வெல்லப்பாகு வழிந்து காய்ந்த மாதிரி மேல்வரிசையில் ஐந்தாறு கோடுகள், ஓரத்தில் ஒரு தெற்றுப்பல். தெற்றுப்பல் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சசிகலாவின் போன் அந்த நிமிடமே நூறு சதவீதம் ஏறிச் சூடானது.

“படத்துல வர்ற அந்தப் புள்ளைக்கு எனக்கிருக்கிற மாதிரியேதாங்க கோடு. என்னா தைரியமா சிரிக்கறா” என்றாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். “நாளைக்கு என்னன்னு எழுதப் போறீங்க?”

“உள்ளதத்தான்.”

“பல்லு விசயமுமா?”

அவர் நோட்டைப் புரட்டினார். துடுப்பு நின்றது. அவளுடைய வலது கை துடுப்பை விட்டு மார்பு வரை வந்து, மேலே போவதா கீழே இறங்குவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது. “எழுதுங்க. பொய் எழுதிப் பழக்கமில்லாதவரு” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பால் கேனோடு நாற்பது பேர் நிற்க, சந்திரமோகன் சாக்பீஸை எடுத்தார். கதை மோசம், வசனம் அதைவிட மோசம், பாட்டு ஐந்தும் அதிகம், வேற்றுலகத்தார் யாரும் பச்சை மீன் தின்பதில்லை என்று கோபம் தீர எழுதினார். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. ‘மொத்தம் நாற்பத்திரண்டு பிழை’ என்று எழுதிவிட்டு நின்றார். கூட்டத்தின் கடைசியில் சுகுணா கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது முதுகாலேயே அவருக்குத் தெரிந்தது. இப்படி ஒரு கேடுகெட்ட படத்துக்காகவா தன் கை பொய் எழுத வேண்டும் என்று நினைத்தபோது ஆத்திரத்தில் அவர் காது மடல் சிவந்தது. ஆனாலும் எழுதினார். ‘பல் விஷயம் மட்டும் உண்மை. அதற்காகப் போகலாம்.’ கீழே கையெழுத்தும் போட்டார்.

குமார் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு பரிதாபமாகக் கேட்டார். “அப்ப நீங்க?”

“மனுசந்தான்” என்றார் சந்திரமோகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒன்றரை மணி பஸ்ஸில் அன்று நிற்க இடமில்லை. அதற்குப் பிறகு இண்டூர் அவரை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. ஊரில் இருக்கிற பெரியவர்களில் ஒரே மனிதர் என்பதால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். போனை இன்னும் அவர் தோளில்தான் வைக்கிறார்கள், மனுசங்களுக்கு உடம்பில் கரண்ட் உண்டு என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். வெயில் நாளில் யாராவது மறந்துபோய்த் தண்ணீர் நீட்டினால் குமார் குறுக்கிட்டு, மனுசங்க தண்ணி குடிக்க மாட்டாங்க என்று விளக்குகிறார். ஒவ்வொரு முறையும் சந்திரமோகனுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து கை கழுவி உட்காருகிறார். அடுப்படியிலிருந்து சுகுணாவின் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. தட்டு வந்ததும் அவர் முதலில் களியை விரலால் அழுத்திப் பார்க்கிறார். கட்டி இல்லை.