தூணில் ஒரு சிவப்பு பல்பு

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம் யுவராணி தன் புருஷன் வல்லரசுவைப் பதினோரு தடவை கூப்பிட்டாள். போன் ராஜபாளையத்தில் மில் கேட்டை ஒட்டிய லாக்கருக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. நூல் சுற்றும் செக்‌ஷனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனாலும் அந்த இரைச்சலில் கேட்காது. ஷிப்டு முடிந்து அவன் பார்த்தபோது, அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், சூட்டு வலிதான் என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வளைகாப்பு முடிந்து அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பத்தாறாவது வாரம் பிறந்ததும் வல்லரசு வேலையில் இறங்கினான். அன்று நடந்தது பிரசவத்தன்று நடக்கக் கூடாது. அவன் மில் ஃபிட்டர். மெஷின் நின்றால் எடுத்ததும் மோட்டாரைப் பழிக்க மாட்டான். வயரில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவான். எங்கே அறுந்திருக்கிறது என்பது அப்படித்தான் தெரியும்.

தகவல் எவ்வளவு நேரத்தில் தன்னிடம் வருகிறது என்று பார்க்க அவன் வைத்த முதல் சோதனைக்கு மாமியார் பரிபூரணம் மில் டைம் ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த பாண்டிசெல்வி சீட்டில் எழுதி, டீ கொண்டுபோகிறவரிடம் கொடுத்தனுப்பினாள். சீட்டு வல்லரசு கைக்கு வர இருபத்தாறு நிமிஷம். ஆகவே தகவல் இண்டர்காமில் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு வரவேண்டும், அவர் ஸ்விட்சைத் தட்டினால் செக்‌ஷன் நடுவே தூணில் சிவப்பு பல்பு எரியவேண்டும் என்று அனுமதி கேட்டான்.

"ஏலே, பிள்ள பெறப்போறது அவளா நீயா?" என்றார் சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன். கேட்டுவிட்டு ஒரு சுருள் வயரையும் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது சோதனையில் பல்பு சரியாக எரிந்தது. வல்லரசு மெஷினுக்கு அடியில் மல்லாந்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். பல்பு கண்ணில் பட ஒன்பது நிமிஷம். அன்றே முழங்கால் உயரத்தில் இன்னொரு பல்பு மாட்டினான். மூன்றாவது சோதனையில் இரண்டே நிமிஷம்.

சாலையையும் பைக்கில் அளந்தான். மில்லிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபத்தெட்டு நிமிஷம். மாமியார் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிப்போனால் இன்னும் நேரமாகும்; அதனால் அடுத்த வீட்டு சாம்சன் ஆட்டோவில் அவள் நேரே போகவேண்டும், சாம்சன் சவாரியில் இருந்தால் 108. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பையில் ஸ்கேன் பைல், ரத்த வகைச் சீட்டு, பிளாஸ்க். பிறக்குமுன் புதுத்துணி வாங்கக் கூடாது என்று பரிபூரணம் சொன்னதால், அவனுடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் யுவராணிக்கு விளக்கினான். ஒரு வலி தொடங்கினதிலிருந்து அடுத்தது தொடங்குகிற வரைக்கும்தான் கணக்கு. நடந்து பார்த்தால் சூட்டு வலி அடங்கும், பிரசவ வலி அடங்காது. வலியின்போது வயிற்றைத் தொட்டால் கன்னம் மாதிரி இருக்கிறதா, நெற்றி மாதிரி கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நர்ஸ் சொன்னது.

"நாளைக்கு நீயே ஒரு தடவ கூப்பிட்டுப் பாரு."

யுவராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பரிபூரணம்தான் சொன்னாள்: "மூணு தடவையும் நான்ல போட்டேன் மாப்ள. அவ மாட்டேன்னுட்டா."

அவன் காரணம் கேட்டான்.

"அம்மா இருக்கா, சாம்சன் அண்ணன் இருக்காவ. வலி வந்தா போயிருவேன். ஒங்களுக்குப் பொறவு தகவல் வரும்." அவள் கை துணிமேல் நின்றது. "அன்னைக்குப் பதினோரு தடவ கூப்பிட்டேன். பன்னெண்டாவதுக்குத் தெம்பு இல்ல."

வல்லரசு பல்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். டைம் ஆபீசிலிருந்து தூண் வரைக்கும் தொட்டுப் பார்த்திருந்தான். வயர் தொடங்குகிற இடத்தைத் தொடவே இல்லை.

"நீ ஒத்தையில பயந்துட்டு இருந்தப்ப நான் ஒண்ணும் தெரியாம வேல பார்த்துட்டு இருந்தேன்," என்றான். "அதுக்கு ஒங்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கணும். கேக்காம பல்பு மாட்டிட்டு இருந்திருக்கேன். மன்னிச்சுக்க யுவராணி. கூப்பிடுறதும் கூப்பிடாததும் ஒன் இஷ்டம். பல்பு எரிஞ்சா நான் வாரேன்."

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். டைம் ஆபீஸ் நம்பர் எழுதிய சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கிளம்பினான்.

பதினைந்து நாள் பல்பு எரியவில்லை. காலையில் ஷிப்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒருமுறை எரியவிட்டுப் பார்ப்பான், பிறகு வேலை. பதினாறாம் நாள், பதினோரு மணிக்குக் கொஞ்சம் முந்தி, தூண் சிவந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்கு ஓடினான். பாண்டிசெல்வி இண்டர்காமில் லைன் கொடுத்திருந்தாள்; நவநீதகிருஷ்ணன் ரிசீவரை நீட்டிக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தியதும் இரைச்சல் தணிந்தது.

"அத்தையா?" என்றான்.

"நாந்தான்." மூச்சு வாங்கியது. "அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு. ஒரு மணி நேரமா எழுதி வச்சிருக்கேன். நடந்தும் பார்த்தேன், அடங்கல. நெத்தி மாதிரிதான் இருக்கு. சாம்சன் அண்ணன் ஆட்டோவ எடுத்துட்டாவ. நீங்க நேரா அங்க வந்துருங்க."

"வாரேன்."

"ரெண்டு நிமிசம்னீங்க. மூணு ஆச்சு."

"கடைசி மெஷின்ல நின்னேன்."

"செரி, மெதுவா ஓட்டிட்டு வாங்க," என்று வைத்துவிட்டாள்.

லாக்கரில் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பைக் முகப்பைச் சாலைப் பக்கம் திருப்பித்தான் நின்றது. பதினைந்து நாளாக அவன் அதை அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தான்.