மச்சான் மாதிரி சிரித்த கார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்தக் காரை மனைவியின் அண்ணனிடமிருந்து வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் கடை வாசலில் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். முன்பக்கத்திலிருந்து, "ஹிஹ்ஹி... ஹிஹ்ஹி... ஹ்ர்ர்ங்க்" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். சத்தத்துக்காக அல்ல. அது அச்சு அசலாக மச்சானின் சிரிப்பு. கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும் அந்த "ஹ்ர்ர்ங்க்" கூடத் தப்பவில்லை.

இதை மனைவியிடம் சொன்னது அவர் செய்த முதல் தப்பு.

"எங்க அண்ணன் சிரிப்பு ஓட்டை வண்டிச் சத்தம் மாதிரியா இருக்கு?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. ஓட்டை வண்டிச் சத்தம்தான் உங்கண்ணன் சிரிப்பு மாதிரி இருக்கு."

இது இரண்டாவது தப்பு. அதன்பின் இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாம் நாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறையை நடத்தியது ஒரு பெண்மணி. காதுக்கு மேலே பென்சிலைச் செருகிக்கொண்டு, "எப்படிச் சத்தம் வருது? செஞ்சு காட்டுங்க சார்" என்றார். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்துக் காட்டினார். அந்தம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

"சிரிப்பு முதல்லயா, இழுப்பு முதல்லயா?"

"சிரிப்பு முதல்ல."

பவர் ஸ்டீயரிங் ஆயில் சரியாக இருந்தது. பெல்ட்டும் விறைப்பாக இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், டாக்டரைக் கண்ட குழந்தை மாதிரி கார் வாயே திறக்கவில்லை.

"நீங்க செஞ்சு காட்டுறது நகல். அதை வச்சு நான் எதைக் கழட்டுறது? அசல் ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் பட்டறைக்காரம்மா. விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மறுநாள் காலையில் மச்சான் தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு உற்சாகமாக வந்தார். அண்ணனை எவனாவது கேலி செய்தால் ஒரு கை பார்ப்பதற்காக மனைவியும் கூடவே வந்தாள்.

"சிரிங்க சார்."

"சும்மா எப்படிம்மா சிரிக்கிறது?"

வெல்டிங்காரர் ஒரு துணுக்குச் சொன்னார். மச்சான் அது ஏற்கெனவே தெரியும் என்றார். பெயின்ட் அடிப்பவர் கிச்சுகிச்சு மூட்ட முன்வந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்ததும் அவர் பின்வாங்கிவிட்டார்.

"உள்ளே தரை வழவழன்னு இருக்கு, டயர் வழுக்குது. வண்டியைத் தார்ரோட்டுக்குக் கொண்டாங்க. ஜாக்கி போடக்கூடாது, எடை டயர் மேலேயே நிக்கணும்" என்ற பட்டறைக்காரம்மா, வெளியே போனதும் இன்ஜினை அணைக்கச் சொன்னார். மண்டியிட்டு, முன்சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்து ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டார். "இப்பத் திருப்புங்க."

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். "ஹிஹ்ஹி... ஹிஹ்ஹி..." என்றது கார். மச்சானுக்கு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். "ஹ்ர்ர்ங்க்" இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சா நான் யாரைப் பார்க்கிறது? ஒவ்வொருத்தரா!" என்று அந்தம்மா அதட்டினார்.

மச்சான் சட்டென்று நிறுத்தினார். கார் மட்டும் இன்னொரு முறை சிரித்தது. அவர் முகம் தொங்கிப்போனது.

"மாப்பிள்ளை... நான் இப்படியா சிரிக்கிறேன்?"

வெல்டிங்காரர் கையிலிருந்த கம்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் மச்சானின் தங்கை, சண்டைக்கென்றே வந்தவள், முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் பயனில்லை. ஹிஹ்ஹி, ஹிஹ்ஹி, ஹ்ர்ர்ங்க்.

கடைக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் புன்னகைத்துப் பார்த்திருக்கிறார், உதட்டோரம் சுழித்துப் பார்த்திருக்கிறார். வாய்விட்டுச் சிரித்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அந்தத் தார்ரோட்டில்தான் அவருக்கு உறைத்தது.

"கண்டுபிடிச்சாச்சு" என்று பட்டறைக்காரம்மா எழுந்தார். "இன்ஜினை அணைச்சும் சத்தம் வருது, அப்ப பவர் ஸ்டீயரிங் பம்ப்ல கோளாறு இல்லை. ஷாக் அப்சார்பர் தலையில ஒரு பேரிங் இருக்கு. துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. நீங்க திருப்பத் திருப்ப ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டே போய்ச் சட்டுனு எகிறுது. அதான் அந்த இழுப்பு."

இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றி, சக்கரத்தின் கோணத்தையும் சரிபார்த்துச் சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் ஒடித்தாலும் சத்தமில்லை. பின்சீட்டில் மச்சானும் சத்தமில்லாமல் வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் புதுச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தார். நாடக ராஜா மாதிரி "ஹா! ஹா! ஹா!". யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பத்து நாளில் மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை சரியானபோது பழைய சிரிப்பே திரும்பிவிட்டது. அதற்குமேல் அவரும் மெனக்கெடவில்லை.

கடைக்காரர்தான் வேறு வேலையில் மும்முரமாக இருந்தார். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், "நல்ல ஜோக் ஏதாவது தெரியுமா சார்? புதுசா இருக்கணும்" என்று கேட்டு, கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தினமும் ஒன்றை மனைவியிடம் சொல்ல வீட்டுக்கு எடுத்துப்போனார். முதல் ஆறு தேறவில்லை. ஏழாவதைப் பாதியில் மறந்துவிட்டு அவர் திருதிருவென விழித்தபோதுதான் அவள் சிரித்தாள்.